‘அலெஜ்ட்’ போட்டுவிட்டால் வழக்கு வராதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து தமிழ் நாளிதழுக்குச் செய்தி அனுப்பும் நிருபர் ஒருவர், ஊர்ச் செய்திகளுக்காக முகநூல் பக்கமும் நடத்துகிறார். அவர் கேட்டிருப்பது இதுதான்: ஆங்கிலப் பத்திரிகைகளில் பத்திக்குப் பத்தி ‘அலெஜ்ட்’, ‘அலெஜிட்லி’ (‘கூறப்படும்’, ‘கூறப்படுவதாக’) என்று வருகிறதே, அதை எங்கே போட வேண்டும், தமிழில் எப்படிக் கொண்டுவருவது, அதைப் போட்டுவிட்டால் யாரும் நம்மீது வழக்குப் போட முடியாது என்கிறார்களே, உண்மையா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்மையில்லை. ‘அலெஜ்ட்’ எந்தச் சட்டத்திலும் ஒரு பாதுகாப்பாக எழுதப்படவில்லை. மலேசிய நீதிமன்றங்கள் பின்பற்றும் பொதுச்சட்டக் கோட்பாட்டின்படி, பிறர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொல்பவரும் அதைத் தாமே சொன்னவராகத்தான் கருதப்படுவார். ‘அவர் அப்படிச் சொன்னது உண்மை, நான் அதைத்தான் எழுதினேன்’ என்பது தற்காப்பு ஆகாது. அவர் சொன்ன விஷயம் உண்மையா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002இல் ஓர் அவதூறு வழக்கில், குற்றம் தொடர்பான செய்தி தரும் பொருளை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டியது. இவர் செய்தார் என்பது முதல் படி. இவரைச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்கிறது என்பது இரண்டாவது. இவரை விசாரிக்கக் காரணம் இருக்கிறது என்பது மூன்றாவது. ‘அலெஜ்ட்’ சரியான இடத்தில் நின்றால் உங்கள் செய்தியை முதல் படியிலிருந்து கீழே இறக்கலாம். ஆனால் இரண்டாம் படியும் மூன்றாம் படியும் ஒருவரின் பெயரைக் கெடுக்கக்கூடியவைதான். அவற்றுக்கும் நீங்கள் ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும்.

உண்மையான பாதுகாப்பு வேறு இடங்களில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தில் 8ஆவது பிரிவு உண்மை என்று நிரூபிப்பதைப் பற்றியது, 9ஆவது நியாயமான கருத்துரை பற்றியது. 11ஆவது பிரிவு, பகிரங்கமாக நடந்த நீதிமன்ற நடவடிக்கையை நியாயமாகவும் துல்லியமாகவும் உடனுக்குடனும் தரும் செய்திக்கு முழுப் பாதுகாப்பு அளிக்கிறது. 12ஆவது பிரிவு பத்திரிகைகளுக்கு நிபந்தனையோடு கூடிய பாதுகாப்பைத் தருகிறது. இவற்றோடு, 1999இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ரேனால்ட்ஸ் வழக்கில் வகுத்த ‘பொறுப்பான இதழியல்’ தற்காப்பை நம் நீதிமன்றங்களும் எடுத்தாண்டிருக்கின்றன. செய்தி எங்கிருந்து வந்தது, சரிபார்க்க என்ன செய்தீர்கள், எதிர்த்தரப்பிடம் கேட்டீர்களா, எழுதிய தொனி எப்படி என்பவை அதில் முக்கியமாகப் பார்க்கப்படும். ‘அலெஜ்ட்’ போட்டீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் இந்தச் சொல் எதற்கு? வாசகருக்காக. ‘இதை ஒருவர் சொல்கிறார், இன்னும் நிரூபணமாகவில்லை’ என்று அவருக்குத் தெரிவிக்க. ‘ஒருவர் சொல்கிறார்’ என்றதும் ‘யார்?’ என்ற கேள்வி எழும். அதற்குச் செய்தியில் பதில் இல்லையென்றால் அந்தச் சொல்லைப் போட்டதில் பயனில்லை. ஆங்கிலத்தில் ‘அலெஜ்’ என்ற வினை பழைய காலத்தில் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து ஒன்றை முன்வைப்பதைக் குறித்தது. முன்வைத்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். இன்றைய செய்தியில் அந்த ஆள் காணாமல் போய்விட்டார், சொல் மட்டும் தங்கிவிட்டது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது இடம். ஒரு செய்தியில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்ததா? நடந்ததென்றால் செய்தவர் இவரா? முதலாவது உறுதியானால் அதற்கு ‘அலெஜ்ட்’ கூடாது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) தீப்பிடித்து மூன்று வீடுகள் எரிந்திருந்தால் ‘அலெஜ்ட் தீ விபத்து’ என்று எழுதுவது தப்பு, தீ எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் யாரோ வேண்டுமென்றே வைத்த தீ என்று ஒரு தரப்பு சொன்னால், அந்த ‘வேண்டுமென்றே’ என்பதற்குத்தான் ‘அலெஜ்ட்’. அப்படிச் சொல்வது தீயணைப்புத் துறையா, வீட்டுக்காரரா என்பதும் கூடவே வர வேண்டும்.

உங்கள் வட்டாரத்தில் அடிக்கடி வரும் ஒரு செய்தியையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்திலிருந்து இப்படி ஒரு வாட்ஸ்அப் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (மண்டோர் என்பவர் தோட்ட வேலையை மேற்பார்ப்பவர்): ‘நேத்து ராத்திரி மூனு பசங்க 80 கொல திருடிட்டானுங்க. மண்டோர் மவனும் ஒருத்தன். செக்யூரிட்டி புடிச்சி போலீஸ்ல குடுத்தாச்சு.’

அவசரத்தில் எழுதப்படும் செய்தி: ‘80 செம்பனைக் குலைகளைத் திருடிய மண்டோர் மகன் உட்பட மூவர் பிடிபட்டனர்.’ ஒரே வாக்கியத்தில் மூவருக்கும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சரி, ‘அலெஜ்ட்’ சேர்ப்போம் என்று திருத்தினால் பெரும்பாலும் இப்படி ஆகும்: ‘நடந்ததாகக் கூறப்படும் திருட்டுச் சம்பவத்தில் மண்டோர் மகன் உட்பட மூவர் குலைகளைத் திருடியபோது பிடிபட்டனர்.’ சந்தேகம் சம்பவத்தின் மேல் விழுந்துவிட்டது, ஆட்கள் திருடியது மட்டும் உறுதியாக நிற்கிறது. இருக்க வேண்டியதற்கு நேர்மாறு.

இப்படி எழுதலாம்: ‘சுங்கை சிப்புட் அருகேயுள்ள செம்பனைத் தோட்டம் ஒன்றில் பழக்குலைகள் திருடு போனதாக அதன் நிர்வாகம் போலீசில் புகார் செய்துள்ளது. சுமார் 80 குலைகள் காணவில்லை என்று நிர்வாகம் கூறுகிறது. இதன் தொடர்பில் மூன்று ஆடவர்கள் கைது செய்யப்பட்டதை மாவட்டப் போலீஸ் தலைவர் உறுதிப்படுத்தினார். குற்றவியல் சட்டத்தின் 379ஆவது பிரிவின் கீழ் விசாரணை நடப்பதாக அவர் சொன்னார்.’

இதில் ‘கூறப்படும்’ என்ற சொல்லே வரவில்லை பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் சொன்னவர் யார் என்று இருப்பதால் அது தேவைப்படவில்லை. சொன்னவரை எழுத முடிந்தால் அவரை எழுதுங்கள். முடியாத இடத்தில்தான் ‘அலெஜ்ட்’ வர வேண்டும், ஏன் முடியவில்லை என்பதையும் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கையையும் கவனியுங்கள். நிர்வாகம் ‘ஒன்றரை டன்னுக்கு மேல் போயிற்று’ என்று சொல்லும். முதிர்ந்த மரத்துக் குலை ஒன்று ஏறத்தாழ 20 கிலோ என்று வைத்து 80ஆல் பெருக்கிச் சொல்வது அது. காணாமல் போன குலையை யாரும் தராசில் ஏற்றவில்லை. ஆகவே ‘நிர்வாகத்தின் மதிப்பீட்டில்’ என்று எழுத வேண்டும். லோரி பிடிபட்டு, பழத்தை நிறுத்துப் பார்த்திருந்தால் அந்த எடை உறுதியான தகவல். அந்தப் பழம் அந்தத் தோட்டத்துப் பழம்தானா என்பது அப்போதும் ஒரு தரப்பின் கூற்றுதான், பக்கத்துச் சிறுதோட்டக்காரரின் பழமாகவும் இருக்கலாம். எத்தனை ரிங்கிட் இழப்பு என்பதும் அப்படித்தான்.

‘மண்டோர் மகன்’ என்பதை எடுத்துவிட்டதற்கும் காரணம் உண்டு. பெயர் போடவில்லை, அதனால் அவதூறு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவரை அறிந்தவர்கள் ‘இது இன்னார்தான்’ என்று புரிந்துகொண்டால் போதும், சட்டத்துக்குப் பெயர் தேவையில்லை. ஒரு தோட்டத்தில் இருக்கும் ஒன்றிரண்டு மண்டோர்களில், வயதுவந்த மகன் உள்ளவர் யார் என்று கோயிலடியில் நிற்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். பெருநகரத்தில் அடையாளம் ஆகாத விவரம் தோட்டப்புறத்தில் முழு முகவரியாகிவிடும்.

இனி, தமிழ் நிருபர்களை அதிகம் தடுக்கிவிழ வைக்கும் இடம். நமக்கு வரும் போலீஸ் அறிக்கைகளில் பாதிக்கு மேல் மலாயில்தான் இருக்கும். அதில் ‘டிடாக்வா’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ‘செய்ததாகச் சொல்லப்படுகிறது’ என்றும் வரும், ‘நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டார்’ என்றும் வரும். இவ்விரண்டுக்கும் நடுவே பல மாத விசாரணையும் அரசுத் தரப்பின் முடிவும் இருக்கின்றன. நகைக்கடைக் கொள்ளை தொடர்பில் ஆடவர் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டதைச் சொல்லும் ‘லெலாக்கி டிடாக்வா சாமுன் கெடாய் எமாஸ்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் ‘கொள்ளையடித்ததாகக் கூறப்படும் ஆடவர்’ என்று எழுதினால், நீதிமன்றத்துக்கு வந்துவிட்ட வழக்கை வதந்தி போல ஆக்கிவிடுகிறீர்கள். மாறாக, புகார்தாரர் ஒருவர் ‘மெண்டாக்வா’ (கூறுகிறார்) என்று இருப்பதை ‘குற்றம் சாட்டப்பட்டது’ என்று எழுதினால், வாசகர் வழக்கே பதிவாகிவிட்டதாக நினைப்பார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கடிதம் அனுப்புவதற்கு அதுவே போதும்.

பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. அந்த மலாய்ச் செய்தியில் நீதிமன்றத்தின் பெயர் இருக்கிறதா, மாஜிஸ்திரேட் அல்லது நீதிபதியின் பெயர் இருக்கிறதா, ‘பெர்த்துடுஹான்’ என்ற குற்றச்சாட்டுச் சொல் வருகிறதா, ‘மெங்ஙாக்கு தீடாக் பெர்சாலா’ என்று குற்றத்தை மறுத்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வழக்கு. ‘மெனுருட்’ (இன்னார் கூற்றுப்படி) என்று ஆரம்பித்து யாரோ சொன்னதாக மட்டும் போனால் அது கூற்று. ‘டிசியாசாட்’ என்பது விசாரிக்கப்படுகிறது என்பது மட்டும்தான். ஒரு பிரிவு எண் இருப்பதாலேயே வழக்குப் பதிவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போலீஸ் விசாரணைத் தாளைத் திறக்கும்போதே ஒரு பிரிவு எண்ணின் கீழ்தான் திறக்கும். 302இன் கீழ் கொலை என்று விசாரிக்கப்பட்டது, கடைசியில் கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமாக 304இன் கீழ் நீதிமன்றத்துக்கு வருவது சாதாரணம். திடீர் மரணம் என்று வகைப்படுத்தப்பட்டிருக்கும்வரை ‘கொலை’ என்ற சொல் உங்கள் செய்தியில், ‘கூறப்படும்’ சேர்த்தோ சேர்க்காமலோ, வரக் கூடாது. பிரேதப் பரிசோதனை முடிவு வரட்டும்.

கட்டங்களைச் சரியாகப் புரிந்துகொண்டால் எந்தக் கட்டத்தில் எந்தச் சொல் என்பது தானாக விளங்கும். புகார் யாரும் யார்மீதும் கொடுக்கலாம், அங்கே ‘புகார் கூறப்பட்டவர்’. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி. மேலும் விசாரிக்க வேண்டுமென்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவின் கீழ் தடுப்புக் காவல் கேட்பார்கள். 14 ஆண்டுகளுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக்குரிய குற்றமென்றால் முதலில் 4 நாள் வரை, இரண்டாவது முறை 3 நாள் வரை. 14 ஆண்டோ அதற்கு மேலோ, மரண தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமென்றால் 7 நாள், பிறகு இன்னொரு 7 நாள். சாதாரணத் திருட்டுக்கான 379ஆவது பிரிவில் அதிகபட்சம் 7 ஆண்டு என்பதால், மேலே சொன்ன குலைத் திருட்டுச் செய்தியில் ‘7 நாள் தடுப்புக் காவல்’ என்று யாராவது அனுப்பினால் உடனே நிறுத்திச் சரிபாருங்கள். ஒன்று நாள் கணக்கு தவறாக இருக்கும், இல்லையென்றால் வேறு பிரிவு எதுவும் சேர்ந்திருக்கும்.

தடுப்புக் காவலில் இருப்பவர் இன்னும் சந்தேக நபர்தான். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட பிறகே ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’. அதற்கு முன்னால் அந்தச் சொல்லைப் போடாதீர்கள். ஆங்கிலத்தில் ‘அரெஸ்டட் ஃபார் தெஃப்ட்’ என்று எழுதினால் திருடியதற்காகக் கைது என்ற பொருள் வந்துவிடுவதால், நல்ல ஆங்கிலச் செய்தி அறைகள் அதைத் தவிர்த்து ‘சந்தேகத்தின் பேரில்’ என்று எழுதச் சொல்கின்றன. நம் தமிழில் ‘திருடியதற்காகக் கைது’ என்பதும் அதே தவறுதான்.

நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட நாளில் உங்கள் வேலை உண்மையில் எளிது. குற்றச்சாட்டுத் தாளில் நாள், நேரம், இடம், பிரிவு எல்லாம் இருக்கும். அதில் உள்ளபடி எழுதினால் 11ஆவது பிரிவின் பாதுகாப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும் பலர் இங்கேயும் ‘அலெஜிட்லி’யை நுழைத்து, ‘அலெஜிட்லி திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார்’ என்று எழுதிவிடுகிறார்கள். குற்றச்சாட்டே ஒரு கூற்றுதான், அதற்குள் இன்னொரு ‘கூறப்படுவதாக’ வேண்டாம். நம் நாட்டு நீதிமன்ற ஆங்கிலத்தில் ‘கிளெய்ம்ட் டிரையல்’ என்று வரும், குற்றத்தை மறுத்து விசாரணை கோரினார் என்று பொருள். இதில் உள்ள ‘கிளெய்ம்’ சந்தேகச் சொல் அல்ல. கொலைக் குற்றச்சாட்டு முதலில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வாசிக்கப்படும்போது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் அல்லது மறுக்கும் வாக்குமூலம் எதுவும் பதிவு செய்யப்படாது, ஏனென்றால் அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. சுங்கை சிப்புட்டில் வாசிக்கப்பட்டாலும் பின்னர் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். இதை ‘பதில் சொல்ல மறுத்து மௌனம் சாதித்தார்’ என்று எழுதியவர்கள் உண்டு. அந்த ஒரு வரியில் ஒரு மனிதர் குற்றவாளி போலத் தோன்றிவிடுகிறார்.

நீதிமன்றச் செய்தியின் பாதுகாப்பு, நீதிமன்றத்தில் நடந்ததற்கு மட்டும். அதே செய்தியின் கடைசிப் பத்தியில் ‘இவர் ஏற்கெனவே இப்படிப்பட்டவர்தான் என்று அக்கம்பக்கத்தார் தெரிவித்தனர்’ என்று சேர்த்தால் அந்தப் பத்திக்குப் பாதுகாப்பு கிடையாது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது பழைய குற்றப் பதிவுகளைக் கிளறுவது நீதிமன்ற அவமதிப்பிலும் கொண்டுபோய் விடலாம்.

தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ‘அலெஜ்ட்’ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றுவிடும், வாசகர் முதலிலேயே எச்சரிக்கப்படுகிறார். தமிழில் ‘எனக் கூறப்படுகிறது’ வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ‘ஆலய நிதியில் 40 ஆயிரம் ரிங்கிட்டை முன்னாள் பொருளாளர் தன் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்திக்கொண்டார் எனக் கூறப்படுகிறது’ என்ற வாக்கியத்தில், அந்தக் கடைசி இரண்டு சொற்களுக்கு வருவதற்குள் வாசகர் மனத்தில் பொருளாளர் திருடராகிவிட்டார். ஆகவே சொன்னவரை முன்னால் கொண்டுவாருங்கள்: ‘நடப்பு நிர்வாகக் குழு கொடுத்துள்ள போலீஸ் புகாரின்படி…’ என்று தொடங்கினால் வாசகர் தொடக்கத்திலிருந்தே அதை ஒரு தரப்பின் பேச்சாகப் படிப்பார். தமிழுக்கு இது இயல்பாகவும் வரும். கூற்று நீண்டு இரண்டாம் மூன்றாம் வாக்கியத்துக்குப் போனால் அங்கேயும் ‘புகாரில் மேலும்’, ‘அவர்கள் கூற்றுப்படி’ என்று சேர்க்க வேண்டும். முதல் வரியில் ஒருமுறை சொல்லிவிட்டோம் என்று பின்வரும் நான்கு பத்திகளை உண்மை போல நடத்திச் செல்வது நம் பத்திரிகைகளில் மிகப் பரவலான தவறு.

பெயரெச்சம் இன்னொரு பொறி. ‘திருடிய ஆடவர்’, ‘மனைவியைத் தாக்கிய கணவர்’, ‘பணத்தைக் கையாடிய கிராணி (எழுத்தர்)’ என்று வினையைப் பெயரோடு ஒட்டினால் சந்தேகத்துக்கு அதில் இடமே இல்லை. தலைப்பில்தான் இது அதிகம் நடக்கிறது, இடம் குறைவு என்பதால். ‘மனைவியைக் கொன்ற கணவர் கைது’ என்ற தலைப்பை ‘மாது மரணம்: கணவர் கைது’ என்று மாற்றிப் பாருங்கள். நான்கு சொற்கள்தான், இரண்டும் உறுதியான தகவல், தீர்ப்பு இல்லை. உள்ளே எத்தனை ‘கூறப்படுகிறது’ போட்டிருந்தாலும், தலைப்பை மட்டும் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அவை கூடவே போவதில்லை. தலைப்பும் படமும் தனியாக நின்றால் என்ன பொருள் தரும் என்று பார்த்துவிட்டே அனுப்புங்கள். கோயில் பணம் பற்றிய செய்திக்குக் கோப்பிலிருந்து எடுத்த பழைய நிர்வாகக் குழுப் படத்தைப் போட்டால், படத்தில் நிற்கும் அத்தனை பேரும் அந்தக் குற்றச்சாட்டுக்குள் வந்துவிடுவார்கள்.

ஆங்கிலத் தலைப்புகளில் ஒற்றை மேற்கோள் குறிக்குள் ஒரு சொல்லைப் போட்டு ‘இது எங்கள் சொல் அல்ல’ என்று காட்டுவார்கள். தமிழ் வாசகர் பலர் மேற்கோள் குறியை அழுத்தம் என்றுதான் படிக்கிறார்கள். அதை நம்பாதீர்கள்.

‘நம்பப்படுகிறது’ என்ற சொல்லை முடிந்தவரை கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மலாயில் வரும் ‘டிபெர்ச்சாயாய்’ அப்படியே மொழிமாறி நம் பத்திரிகைத் தமிழில் குடியேறிவிட்டது. ‘கொள்ளையர்கள் என நம்பப்படும் நால்வர்’ என்றால் யார் நம்புகிறார்கள்? போலீஸ் சந்தேகிக்கிறது என்றால் ‘போலீஸ் சந்தேகிக்கும்’ என்று எழுதுங்கள். நம்பிக்கை என்ற சொல்லுக்குத் தமிழில் கனம் அதிகம், அது பாதித் தீர்ப்பு. முகமே தெரியாத கொள்ளையரை ‘சந்தேக நபர்’ என்று எழுதுவதும் வேண்டாம். நகைக்கடையில் புகுந்து நகையை அள்ளிக்கொண்டு ஓடியவர் கொள்ளையர்தான், அவர் யார் என்பது மட்டும்தான் தெரியாது. பிறகு ஒருவர் பிடிபட்டால் அவர்தான் சந்தேக நபர். முதல் நாள் செய்தியில் ‘சந்தேக நபர் நகைகளைக் கொள்ளையிட்டுத் தப்பினார்’ என்று எழுதிவிட்டு, மறுநாள் பிடிபட்டவரையும் ‘சந்தேக நபர்’ என்றால், இரண்டும் ஒருவரே என்று நீங்களே முடிவு கட்டியதாகிவிடும்.

‘அலெஜ்ட்’டின் அக்கம்பக்கத்துச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘கிளெய்ம்ட்’ என்றால் சொல்பவரை எழுதுபவர் நம்பவில்லை என்ற சாயல் விழும், ஆகவே வெறும் ‘சொன்னார்’ போதும். ‘ரிப்போர்ட்டட்லி’ வேறு ஊடகம் வெளியிட்டதைக் குறிக்கும், எந்த ஊடகம் என்று எழுதிவிடுங்கள். ‘பர்ப்போர்ட்டட்’ கடிதம், குரல்பதிவு போன்றவை உண்மையானவைதானா என்று தெரியாதபோது வரும். வாட்ஸ்அப்பில் பரவும் ‘சங்கத் தலைவரின் குரல்பதிவு’ என்றால் ‘அவருடையது எனச் சொல்லிப் பகிரப்படும் குரல்பதிவு’ என்று எழுதுங்கள், அவரிடமே கேட்டுவிட்டு. காணொளியில் ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ‘அலெஜ்ட்’ இரண்டு அசை, ‘அலெஜிட்லி’ நான்கு அசை, நடுவில் ‘ஜி’ வரும்.

ஆலயக் குழு, கூட்டுறவுச் சங்கம், பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கம். உங்கள் ஊரில் வழக்குகளை அதிகம் கொண்டுவரப்போவது கொலைச் செய்தி அல்ல, இவைதான். ஒரு தரப்பு போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு, வாசலிலேயே புகார் நகலை உயர்த்திக் காட்டி நிருபரிடம் பேசும். புகார் கொடுத்தவர் போலீசிடம் சொன்னதற்கு அவதூறு வழக்கிலிருந்து முழுப் பாதுகாப்பு உண்டு என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அவர் வாசலில் நிருபரிடம் பேசியதற்கும், நீங்கள் அதை வெளியிட்டதற்கும் அந்தப் பாதுகாப்பு தானாக நீளாது. புகார் நகலில் போலீசின் முத்திரை இருப்பதால் அதில் உள்ளது உண்மையாகிவிடாது. போலீஸ் அதைப் பெற்றுக்கொண்டது என்பதற்கு மட்டுமே அது சான்று.

இப்படிப்பட்ட செய்தியில் எதிர்த்தரப்பைக் கேட்காமல் அனுப்பவே கூடாது. கேட்பதென்றால், இரவு 9 மணிக்கு ஒரு முறை அழைத்துவிட்டு ‘தொடர்புகொள்ள இயலவில்லை’ என்று போடுவதல்ல. என்ன குற்றச்சாட்டு, எந்தத் தொகை, எந்தக் காலம் என்று குறிப்பிட்டு எழுத்தில் அனுப்புங்கள், பதில் சொல்ல நியாயமான நேரம் கொடுங்கள், எந்த நேரத்தில் அனுப்பினீர்கள் என்பதைப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால் அதைச் செய்தியின் மேல் பகுதியில் சேருங்கள், கடைசி வரியில் தள்ளாதீர்கள். ‘கணக்கைக் காட்டவில்லை’ என்பதும் ‘கையாடினார்’ என்பதும் ஒன்றல்ல. புகார் முதலாவதைத்தான் சொல்கிறது என்றால் இரண்டாவதை நீங்கள் சேர்க்காதீர்கள். தோட்டத் தொழிலாளர் சம்பளப் பிடித்தம் பற்றி ஆள்பல இலாகாவுக்கு (தொழிலாளர் துறைக்கு) போகும் புகாரிலும் இதே கவனம் வேண்டும். சம்பளச் சீட்டில் தெரியும் பிடித்தம் உறுதியான தகவல், அது சட்டத்துக்குப் புறம்பானது என்பது தொழிலாளர் தரப்பின் கூற்று.

‘அலெஜ்ட் விக்டிம்’ என்ற தொடரை மிகமிகக் கவனமாகத்தான் எடுக்க வேண்டும். பாலியல் புகாரில் ‘பாதிக்கப்பட்டதாகக் கூறப்படும் பெண்’ என்று எழுதினால் அவர் பொய் சொல்கிறார் என்ற தொனி விழுகிறது. ‘பாதிக்கப்பட்ட பெண்’ என்று எழுதினால் எதிரே நிற்பவருக்குத் தீர்ப்பாகிறது. ‘புகார் கொடுத்த பெண்’ இரண்டு பக்கமும் சாயாத சொல். பிள்ளைகள் சம்பந்தப்பட்டதென்றால் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவு இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவரின் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் காட்டக்கூடிய எதுவும் வரக் கூடாது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ. எல்லா வகுப்பும் சேர்ந்தே சில பத்துப் பிள்ளைகள் படிக்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ‘ஐந்தாம் ஆண்டு மாணவி’ என்று எழுதினாலே அது பெயர் போட்டதற்குச் சமம். தோட்டத்தின் பெயரும் ‘மாணவியின் சிற்றப்பா’ என்ற உறவும் ஒரே செய்தியில் சேர்ந்தாலும் அப்படித்தான். உறவைப் போடாதீர்கள், தோட்டத்தைப் போடாதீர்கள், மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முகநூல் பக்கத்துக்கு வருவோம். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 2012 முதல் நடப்பிலுள்ள 114A பிரிவு, ஒரு பக்கத்தை நடத்துபவரை அதில் வெளியாகும் விஷயத்தின் வெளியீட்டாளர் என்றே, மாறாக நிரூபிக்கப்படும் வரை, கருதுகிறது. 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், வாசகர்கள் எழுதிய பின்னூட்டங்களுக்காக மலேசியாகினி இணையச் செய்தித் தளத்தை நீதிமன்ற அவமதிப்புக்குப் பொறுப்பாக்கி 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. ஆகவே நீங்கள் ‘கைது செய்யப்பட்டார்’ என்று எச்சரிக்கையாக எழுதிவிட்டு, கீழே ஊர்க்காரர்கள் அவர் பெயரையும் வீட்டையும் எழுதிக்கொண்டிருந்தால் உங்கள் எச்சரிக்கைக்குப் பயனில்லை. கைதுச் செய்திகளுக்கும் சங்கப் பணச் செய்திகளுக்கும் பின்னூட்டத்தை மூடிவிடுவதே நல்லது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்க உங்களுக்கு ஆள் இருந்தால் மட்டும் திறந்து வையுங்கள்.

வழக்கு முடிந்த பிறகும் இந்தச் சொல் சிக்கல் தரும். குற்றவாளி என்று தீர்ப்பானால் ‘அலெஜ்ட்’ போய்விட வேண்டும், மேல்முறையீடு இருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். விடுதலையானவரை ‘திருடியதாகக் கூறப்பட்ட ஆடவர் விடுதலை’ என்று எழுதாமல், ‘திருட்டு வழக்கில் ஆடவர் விடுதலை’ என்று எழுதுங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. குற்றத்திலிருந்து விடுதலை என்பது ஒன்று. நீதிமன்றம் அவரை இப்போதைக்கு விடுவிக்கிறது, ஆனால் அது குற்றத்திலிருந்து விடுதலை ஆகாது என்பது இன்னொன்று, ஆங்கில எழுத்துகளில் ‘டிஎன்ஏஏ’ என்பார்கள். பின்னதில் அரசுத் தரப்பு அதே குற்றச்சாட்டை மீண்டும் கொண்டுவர முடியும். இரண்டையும் ‘விடுதலை’ என்ற ஒரே சொல்லால் எழுதுவது தவறு. பின்னதற்கு ‘வழக்கிலிருந்து தற்போதைக்கு விடுவிப்பு’ என்று எழுதி, மீண்டும் குற்றஞ்சாட்டப்பட இடமுண்டு என்பதையும் சேருங்கள்.

கைதுச் செய்தியை எந்த அளவில் போட்டீர்களோ அந்த அளவில் விடுதலைச் செய்தியும் வர வேண்டும். ஒருவர் பெயரைத் தேடினால் முதலில் வருவது உங்கள் பழைய கைதுப் பதிவாகத்தான் இருக்கும். அதை நீக்காமல், அதன் தலைப்புக்கு நேர் கீழே தீர்ப்பு நாளையும் முடிவையும் எழுதி, புதிய பதிவின் இணைப்பைக் கொடுங்கள். பழைய படத்தைப் புதிய தலைப்போடு மாற்றிவிடுங்கள், ஏனென்றால் பகிரப்படும்போது மக்கள் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். இதற்காகவே, பெயர் போட்டு எழுதிய ஒவ்வொரு வழக்குக்கும் வழக்கு எண், நீதிமன்றம், அடுத்த தேதி மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி தள்ளிப்போகும்போதெல்லாம் நோட்டில் திருத்திக்கொண்டு, தீர்ப்பு வரும்வரை அந்த வரியை அடிக்காமல் வையுங்கள்.